ஈக்கொல்லிக் காளான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காளானைச் சொல்கிறீர்கள்?

கைபேசியில் காளானுக்கென்று இருக்கும் எமோஜியைப் பாருங்கள். சிவப்புக் குடை, மேலே வெள்ளைப் புள்ளிகள். அதுதான். குழந்தைகளின் படக்கதைகளில் குள்ளர்கள் குடியிருக்கும் வீடும் இதுவே. அறிவியல் பெயர் அமானிட்டா மஸ்கேரியா. லத்தீனில் 'மஸ்கா' என்றால் ஈ. ஆங்கிலத்தில் ஃபிளை அகாரிக், ஜெர்மனில் ஃபிளீகன்பில்ஸ், ரஷ்ய மொழியில் முகமோர் என எல்லாப் பெயரிலும் ஈ இருக்கிறது. நம் சமவெளியில் முளைக்காத காளான் என்பதால் தமிழில் இதற்கு வழக்கில் ஊன்றிய பெயர் இல்லை. 'நாய்க்குடை' என்பது எல்லாக் காட்டுக் காளானுக்கும் பொதுவாகச் சொல்வது. எனவே இங்கே ஈக்கொல்லிக் காளான் என்றே எழுதுகிறோம்.

1753இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை அகாரிகஸ் மஸ்கேரியஸ் என்று பதிவு செய்தார். 1783இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க் அமானிட்டா பேரினத்துக்கு (நெருங்கிய இனங்களின் தொகுதிக்கு) மாற்றினார். உலகின் மிகக் கொடிய காளான்கள் சிலவும் அதே பேரினத்தில்தான் இருக்கின்றன.

எங்கே வளரும்? தமிழ்நாட்டில் பார்க்க முடியுமா?

இதன் தாயகம் வட அரைக்கோளத்தின் குளிர் காடுகள்: ஐரோப்பா, சைபீரியா, ஜப்பான், வட அமெரிக்கா. பிர்ச், பைன், ஸ்புரூஸ், ஃபிர் மரங்களின் அடியில் முளைக்கும். ஐரோப்பாவில் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை பருவம்.

மரத்தடியில் முளைப்பது தற்செயல் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சை இழைகள் மரத்தின் நுனிவேரைச் சுற்றி உறைபோல் படர்ந்து, வேர்ச் செல்களின் இடுக்குகளில் நுழைந்து நிற்கும், செல்லுக்குள் புகாது. மரத்துக்கு நீரும் தாதுவும் போகும், பூஞ்சைக்குச் சர்க்கரை வரும். மட்கிய மரத்தைச் செரித்துத் தானே பிழைக்கும் திறனை இந்தக் காளான் பெருமளவு இழந்துவிட்டது. ஆகவே வைக்கோல் படுக்கையில் சிப்பிக்காளான் வளர்ப்பதுபோல இதை வளர்க்க முடியாது.

பைன் நாற்று போன இடமெல்லாம் வேரோடு இதுவும் போயிருக்கிறது: தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா. டாஸ்மேனியாவில் பைன் தோட்டத்தைத் தாண்டி, உள்ளூர் மரங்களின் காட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்டது. நீலகிரியில் மெக்சிகோவிலிருந்து வந்த பட்டுலா பைன் தோட்டங்களில் இது பதிவாகியிருக்கிறது; அந்த மரத்தின் வேரோடு இது இணையும் விதத்தை 1990களில் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். மதுரையிலோ தஞ்சையிலோ மழைக்குப் பின் புற்றில் முளைப்பது முற்றிலும் வேறு காளான்.

அடையாளம் காண்பது எப்படி?

குடை மட்டும் போதாது. கத்தியால் மண்ணைக் கிளறி அடித்தண்டோடு எடுக்க வேண்டும். தண்டை நடுவில் ஒடித்து எடுப்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அமானிட்டா இனங்களின் முக்கிய அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது.

குடை 8 முதல் 20 செ.மீ. அகலம். இளசில் அரைக்கோளமாக இருந்து பிறகு தட்டையாக விரியும். அடியில் தகடு தகடாக இருக்கும் செவுள்கள் வெள்ளை. தண்டைத் தொடாமல் சற்று முன்பே நின்றுவிடும். தண்டு வெள்ளை, மேற்பகுதியில் பாவாடைபோல் தொங்கும் வளையம். அடிப்பகுதி வெங்காயம்போல் பருத்து, மேலே இரண்டு மூன்று வரிசை செதில் வளையங்கள் சுற்றியிருக்கும். செவுளிலிருந்து பொடிபோல் உதிரும் வித்துகளின் நிறம் வெள்ளை.

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. வெயில் பட்டு ஆரஞ்சாக வெளிறும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மஞ்சள் வகையே அதிகம்.

அந்த வெள்ளைப் புள்ளிகள் எதற்கு?

புள்ளிகள் தோலின் நிறம் அல்ல, ஒட்டியிருக்கும் துணுக்குகள். முளைக்கும்போது காளான் முழுவதும் ஒரு வெள்ளை உறைக்குள் முட்டைபோல் இருக்கும். உள்ளே குடை பெருக்கும்போது உறை நீளாமல் வெடித்துச் சில்லு சில்லாகக் குடைமேல் தங்கிவிடும். மிச்சம் அடித்தண்டில் செதில் வளையமாக நிற்கும். விரலால் சுரண்டினால் புள்ளி கையோடு வரும். பலத்த மழை அடித்தால் மொத்தமும் கழுவிப் போய் வெறும் சிவப்புக் குடை நிற்கும். தவறு நடப்பது அந்த நாளில்தான்.

எந்தக் காளானோடு குழம்பும்?

முதலாவது, தென் ஐரோப்பாவில் விரும்பி உண்ணப்படும் சீசர் காளான். அதன் குடை ஆரஞ்சு, ஆனால் செவுளும் தண்டும் பொன்மஞ்சள், அடியில் பைபோன்ற தெளிவான வெள்ளைக் கிண்ணம். ஈக்கொல்லிக்கு அந்தக் கிண்ணம் இல்லை; செவுளும் தண்டும் வெள்ளை. 1897இல் வாஷிங்டனில் இத்தாலியத் தூதரகத்தைச் சேர்ந்த டி வெக்கி பிரபு சந்தையில் காளான் வாங்கி, தன் ஊர் சீசர் காளான் என்றே நம்பிச் சாப்பிட்டு இறந்தார். அமெரிக்காவில் காளான் அறியும் சங்கங்கள் பெருக அந்தச் சாவும் ஒரு தூண்டுதல். ஊர் மாறினால் காளான் அறிவு கூடவே வராது என்பதற்கு இன்றும் இந்த வழக்கைத்தான் காட்டுகிறார்கள்.

இரண்டாவது, உறைக்குள் இருக்கும் பருவத்தில் இது குடையும் தண்டும் இல்லாமல் பந்துபோல் இருக்கும் உருண்டைக் காளான்போலத் தெரியும். மேலிருந்து கீழாக நேராக வெட்டிப் பாருங்கள். உண்மையான உருண்டைக் காளான் உள்ளே ஒரே சீரான வெள்ளை. அமானிட்டா என்றால் குடை, செவுள், தண்டு ஆகியவற்றின் சிறு வடிவம் கோடாகத் தெரியும். ஈக்கொல்லியில் தோலுக்குக் கீழே ஒரு மஞ்சள் கோடும் இருக்கும்.

என்ன நஞ்சு இருக்கிறது?

முக்கியமானவை இரண்டு: ஐபோடெனிக் அமிலம், மஸ்கிமால். முதலாவது மூளையைத் தூண்டும் குளுட்டமேட் என்ற வேதிப்பொருளைப்போல் நடிக்கும். இரண்டாவது மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளைப்போல் நடிக்கும். காளான் உலரும்போது ஐபோடெனிக் அமிலத்தின் ஒரு பகுதி மஸ்கிமாலாக மாறும். ஒரே நேரத்தில் முடுக்கியையும் பிரேக்கையும் மிதித்த வண்டி எப்படிப் போகுமோ அப்படித்தான் உண்டவரின் நிலையும்: துடிப்பும் தூக்கமும் மாறி மாறி வரும்.

'மஸ்கரின்' என்ற நஞ்சு 1869இல் இந்தக் காளானிலிருந்துதான் பிரித்தெடுக்கப்பட்டது, பெயரும் இதனுடையதே. ஆனால் இதில் இருப்பது மிகச் சொற்பம். நோயாளியை வீழ்த்துவது மஸ்கரின் அல்ல. பெயர் ஏற்படுத்திய இந்தக் குழப்பம் சிகிச்சையிலும் நெடுங்காலம் நீடித்தது.

சாப்பிட்டால் எவ்வளவு நேரத்தில், என்ன ஆகும்?

அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கும். குமட்டல், தலைசுற்றல், தள்ளாட்டம், குழறிய பேச்சு, தசைத் துடிப்பு. சிலருக்குக் கிளர்ச்சியும் காரணமில்லாத மகிழ்ச்சியும், சிலருக்குப் பயம். பொருள்கள் பெரிதாகவோ சிறிதாகவோ தெரியலாம். பிறகு எழுப்ப முடியாத ஆழ்ந்த தூக்கம், இடையில் திடீரென விழித்து ஆர்ப்பாட்டம், மறுபடி தூக்கம். குழந்தைகளுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில் தெளிந்துவிடும். நடந்தது நினைவில் இருக்காது.

எத்தனை காளான் தின்றால் எவ்வளவு பாதிப்பு என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரே மரத்தடியில் முளைத்த இரண்டு காளான்களுக்குள்ளேயே நஞ்சின் அளவு பெரிதும் வேறுபடும்.

யாராவது தின்றுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 ஆம்புலன்ஸை அழையுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல் எதுவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு வாயில் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தனியாக விடாதீர்கள், தள்ளாடி விழுவதும் சாலைக்கு ஓடுவதும் உண்டு.

மிச்சமிருக்கும் காளான், சமைத்தது, வாந்தி என எது கிடைத்தாலும் எடுத்துச் செல்லுங்கள். காளானைக் காகிதத்தில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்து அழுகி அடையாளம் போய்விடும். தின்ற நேரம், முதல் அறிகுறி வந்த நேரம், கூடத் தின்றவர்கள் யார் யார் என்ற மூன்றையும் குறித்துக் கொடுங்கள். அந்த இரண்டு நேரங்களுக்கு இடைப்பட்ட இடைவெளிதான் மருத்துவருக்கு முதல் துப்பு.

மருத்துவமனையில் மாற்று மருந்து கொடுப்பார்களா?

இதற்கென்று மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் கொண்டுவந்தால் கரித்தூள் மருந்து கொடுப்பதுண்டு. வலிப்புக்கும் கடும் ஆர்ப்பாட்டத்துக்கும் பென்சோடயசபின் வகை மருந்து, மூச்சைக் கண்காணித்தபடி. அட்ரோபின் மஸ்கரின் நஞ்சுக்கானது: வியர்வை, எச்சில், கண்ணீர் பெருகி நாடி குறைந்தால்தான் அதற்கு வேலை. பெயரை மட்டும் பார்த்து ஈக்கொல்லிக்கு அதைக் கொடுத்தால் குழப்பமும் ஆர்ப்பாட்டமும் கூடலாம்.

அப்படியானால் இது உயிரைக் கொல்லாதா?

ஆரோக்கியமான பெரியவர் இறப்பது அரிது. டி வெக்கி போன்றவர்கள் விதிவிலக்கு. ஆனால் இந்தக் கேள்வியையே வேறு விதமாகக் கேட்க வேண்டும். உலகில் அதிகம் வரையப்பட்ட நச்சுக் காளான் இது. அதிகம் கொன்ற காளான் இதன் உறவான மரணத்தொப்பி, அமானிட்டா ஃபலாய்டஸ். அது மங்கிய பச்சை, பார்க்க அடக்கமானது, தின்றவர்கள் ருசியாக இருந்தது என்றே சொல்லியிருக்கிறார்கள். தின்று 6 முதல் 12 மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. பிறகு கடும் வயிற்றுப்போக்கு, அது அடங்கி ஒரு நாள் நலமானதுபோல் தோன்றும். அதற்குள் ஈரல் அழிந்துகொண்டிருக்கும்.

சிவப்பும் புள்ளியும் உள்ளது விஷம், வெள்ளையும் பழுப்பும் உள்ளது சாப்பாடு என்று படக்கதைகள் கற்றுக்கொடுத்த பாடம் இங்கேதான் ஆளைக் கொல்கிறது.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம் என்கிறார்களே?

இரண்டும் பொய். காளான் நஞ்சுகளுக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமே இல்லை. புழு அரித்த காளான் நல்லது என்பதும் அப்படியே: ஈக்கொல்லியை நத்தைகள் தின்கின்றன, மரணத்தொப்பியையும் தின்கின்றன.

கொதிக்க வைத்தால் நஞ்சு போய்விடும் என்று படித்தேன்.

வெப்பம் இந்த நஞ்சை அழிப்பதில்லை. அது நீரில் கரையும் என்பதுதான் அந்தப் பேச்சின் அடிப்படை. ஜப்பானின் நாகானோ பகுதியில் சிலர் இதைப் பதப்படுத்தி உண்டிருக்கிறார்கள் என்பது உண்மை. தலைமுறையாக அந்த ஒரு காளானைத் தெரிந்தவர்களின் பழக்கம் அது. செய்முறையை இங்கே கொடுக்கப் போவதில்லை; சீசர் காளானையே தவறாக அடையாளம் கண்டவர் தண்ணீரை எத்தனை முறை கொட்டினாலும் பயனில்லை.

கொடைக்கானலில் பிடிபடும் 'போதைக் காளான்' இதுதானா?

இல்லை. அது சைலோசைபின் உள்ள சிறிய பழுப்புக் காளான்; மாட்டுச் சாணமும் புல்லும் உள்ள இடத்தில் முளைப்பது. வேறு பேரினம், வேறு வேதிப்பொருள். சைலோசைபின் இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது. விற்பவர்கள் பையில் சிவப்புக் காளான் படத்தைப் போடுவதால் வந்த குழப்பம் இது.

இணையத்தில் விற்கும் மஸ்கிமால் கலந்த மெல்லும் மிட்டாய் (கம்மி), சாக்லேட் பற்றியும் இதோடு சேர்த்தே சொல்லிவிடலாம். 2024இல் அமெரிக்காவில் இத்தகைய காளான் சாக்லேட்டுகளைத் தின்றவர்கள் வலிப்போடும் மயக்கத்தோடும் மருத்துவமனைக்குப் போனார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஈக்கொல்லிக் காளானையும் அதன் சாற்றையும் உணவில் சேர்க்க அனுமதியில்லை என்று அறிவித்தது.

பெயரில் இருப்பதுபோல் ஈயைக் கொல்லுமா?

பாதி உண்மை. 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் ஆல்பர்ட்டஸ் மேக்னஸ், இதைப் பொடித்துப் பாலில் கலந்தால் ஈ சாகும் என்று எழுதினார். ஐரோப்பாவின் பல நாடுகளில் கிண்ணத்துப் பாலில் குடையைக் கிள்ளிப் போட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். நடப்பது என்னவென்றால், ஈ குடித்து மயங்கிப் பாலிலேயே விழுந்து மூழ்கும். வெளியே எடுத்துப் போட்டால் பல ஈக்கள் சில மணி நேரத்தில் எழுந்து பறந்துவிடும். மயங்கிய ஈக்களைக் கூட்டித் தீயில் போட வேண்டும். இல்லையென்றால் மறுநாள் அதே ஈக்கள்தான்.

சைபீரியப் பூசாரிகள் இதைத் தின்றது உண்மையா?

இந்தக் காளானைச் சுற்றிய கதைகளில் கண்ணால் கண்டவர்கள் எழுதியது இது ஒன்றுதான் என்று சொல்லலாம். போலந்துக் கைதியாகச் சைபீரியாவுக்குக் கொண்டுபோகப்பட்ட ஆடம் கமியென்ஸ்கி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கே வாழும் காண்டி மக்களைப் பற்றிக் குறித்தார். ரஷ்யாவிடம் சிறைப்பட்ட சுவீடன் அதிகாரி ஸ்டிராலன்பெர்க் 1730இல் கோர்யாக் மக்களைப் பற்றி எழுதினார். 1755இல் ரஷ்ய ஆய்வாளர் கிராஷெனின்னிகோவ் தூரக் கிழக்குத் தீபகற்பமான கம்சாட்கா பற்றி விரிவாக எழுதினார்.

எல்லாரும் தின்னவில்லை. மேற்கே காண்டி, மான்சி. தூரக் கிழக்கே கோர்யாக், இட்டெல்மென், சுக்சி. பூசாரிகளின் சடங்கு மட்டுமாகவும் இருக்கவில்லை. விருந்திலும் நீண்ட உழைப்பிலும் சாதாரண ஆட்களும் தின்றார்கள். காளான் வாங்க வசதியில்லாதவர்கள் தின்றவரின் சிறுநீரைப் பிடித்துக் குடித்தார்கள் என்று ஸ்டிராலன்பெர்க் எழுதியதை ஐரோப்பா நம்ப மறுத்தது. வேதியியல் அதைப் பொய் என்று சொல்லவில்லை: நஞ்சின் ஒரு பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறும். கலைமான்களும் இதைத் தேடித் தின்கின்றன. சுக்சி நிலத்தின் பெக்திமேல் ஆற்றுப் பாறைகளில் தலைமேல் காளான் வைத்த மனித உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

ரிக்வேதத்தின் சோமம் இதுதான் என்கிறார்களே?

1968இல் அமெரிக்கரான கார்டன் வாசன் முன்வைத்த கருத்து. சோமப் பாடல்களில் இலை, வேர், விதை பற்றிய பேச்சில்லை, செந்நிறம் சொல்லப்படுகிறது, மலையில் கிடைப்பது என்றெல்லாம் அடுக்கினார். பேச்சு சுவையானது, ஆனால் நிற்கவில்லை. வேதம் சோமத்தின் தண்டைக் கல்லால் இடித்து, ஆட்டு ரோம வடிகட்டியில் வடித்து, பாலில் கலப்பதைச் சொல்கிறது; சதைப்பற்றுள்ள காளானுக்கு இந்த வேலை எதற்கு? ஈரானிய ஜொராஸ்திரியர்கள் ஹவோமா என்று இடிப்பது எஃபெட்ரா என்ற புதர்ச்செடி. தென்னிந்திய வேள்விகளில் சோமம் என்று பிழியப்படுவதோ இலையற்ற ஒரு பால்கொடி. சோமம் எது என்பது இன்னும் தீராத வழக்கு. காளான் அதில் பலவீனமான வாதி.

வைக்கிங் வீரர்கள், கிறிஸ்துமஸ் தாத்தா?

வெறிகொண்டு போரிட்ட 'பெர்செர்க்' வீரர்கள் இதைத் தின்றார்கள் என்பது 1784இல் சுவீடன் பாதிரியார் ஊட்மன் சொன்ன ஊகம். வைக்கிங் காலம் முடிந்து எழுநூறு ஆண்டுக்குப் பிறகு! பழைய நூல் எதிலும் காளான் இல்லை. தின்றவர் தள்ளாடித் தூங்குவார் என்பதை நினைத்தால் போர்க்களத்துக்கு இதைவிடப் பொருந்தாத தீனி கிடைப்பது கடினம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு வெள்ளை உடையும் கலைமானும் சைபீரியாவிலிருந்து வந்தவை என்பது அதைவிட இளைய கதை. ஆதாரம் அதைவிட மெலிந்தது. பிரான்சின் பிளங்குரோ சிற்றாலயச் சுவரோவியத்தில் ஆதாம் ஏவாளுக்கு நடுவே நிற்பது இந்தக் காளானே என்றும் வாதம் உண்டு. கலை வரலாற்றாளர்களின் பதில்: அது அக்கால ஓவிய மரபில் வரையப்படும் குடைபோன்ற இத்தாலியப் பைன் மரம்.

விஷக் காளானை ஏன் வாழ்த்து அட்டையில் போடுகிறார்கள்?

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இது அதிர்ஷ்டச் சின்னம். புத்தாண்டு அட்டைகளில் பன்றிக்குட்டி, நான்கிலைக் குளோவர், புகைபோக்கி துடைப்பவர் ஆகியோரோடு இதுவும் வரும். 'குளுக்ஸ்பில்ஸ்', அதிர்ஷ்டக் காளான், என்பது யோகக்கார ஆளைச் சொல்லும் பேச்சுச் சொல்லும்கூட. ஜப்பானிலோ இது 'சிவப்பு தெங்கு காளான்'. தெங்கு என்பது அங்கே மலையில் உலவும் நீள்மூக்குப் பூதம்.

அந்தச் சிவப்பு எதிலிருந்து வருகிறது?

பீட்ரூட், காகிதப்பூ ஆகியவற்றின் நிறக் குடும்பமான பீட்டலைன்தான். காளான்களில் இந்தக் குடும்பம் அரிது. இன்னொரு விந்தை, மண்ணிலிருந்து வனேடியம் என்ற உலோகத்தை இழுத்துச் சேர்த்துவைக்கிறது. எதற்காக என்பதற்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

தொட்டால் ஆபத்தா? நாய் தின்றால்?

தொடலாம், முகரலாம், படம் எடுக்கலாம். தோல் வழியாக நஞ்சு ஏறாது. கையைக் கழுவினால் போதும். நாய்களும் பூனைகளும் இதைத் தேடித் தின்பதுண்டு. தள்ளாட்டம், எச்சில், துடிப்பு தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

வித்துப் படிவு எடுப்பது எப்படி?

வித்தின் நிறத்தைப் பார்க்க அதைத் தாளில் உதிரவிடுவதுதான் வித்துப் படிவு. விரிந்த குடையைத் தண்டிலிருந்து வெட்டுங்கள். பாதி கறுப்பு, பாதி வெள்ளையாக ஒட்டிய காகிதத்தின் மேல் செவுள் கீழே இருக்கும்படி வையுங்கள். குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, காற்றுப் படாமல் கிண்ணத்தால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கறுப்புப் பகுதியில் மட்டும் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் வித்து வெள்ளை. வெறும் வெள்ளைத் தாளில் எடுத்தால் ஒன்றும் தெரியாது. காளான் வித்து விடவில்லை என்று நினைத்து எறிந்துவிடுவார்கள். மிக இளசான குடை உண்மையிலேயே விடாது. மரணத்தொப்பியின் படிவும் இதே வெள்ளைதான்; ஆகவே இந்தச் சோதனை பேரினத்தைக் கண்டுபிடிக்க உதவும், சாப்பிடலாமா என்பதற்கு உதவாது.